சாக்குக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை வேனைக் கிளப்புவதற்கு முன்பே பலகை ஒரு நிபந்தனை போட்டான். இன்றைக்கு அந்த அறையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சொன்னது அக்காவுக்கு. இருவருக்கும் நடுவில் அப்பா உட்கார்ந்திருந்தார், சீட் பெல்ட்டின் நுனியை எங்கே செருகுவது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி. நர்ஸான அக்கா அதை வாங்கி, காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேகத்தில் மாட்டிவிட்டாள்.

வேனின் பின்பக்கம் முழுக்கப் பிளைவுட். அதனால் மூன்று பேரும் முன்சீட்டில்தான் நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பலகை என்பது அவனுக்கு அக்கா வைத்த பெயர். அலுவலகங்களுக்குள் தடுப்பு அடித்து, ஒரு ஹாலை ஆறு கேபினாக்கிக் கொடுப்பது அவன் தொழில். அதில் கெட்டிக்காரன். இப்போது அவனிடம் வேலை பார்ப்பவர்களும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறார்கள். அக்காவுக்கு ஆண்கள் வார்டில் நர்ஸ் வேலை, பெரும்பாலும் இரவு டூட்டி. அவன் அவளை நர்ஸம்மா என்று கூப்பிடுவான். கோபம் வந்தால் மட்டும் அக்கா. மூன்று நாளாக அக்காதான் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் அந்த அறைதான். அம்மா போய் நாலு மாதமாகிறது. அப்பா தனியாக இருக்கும் வாடகை வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் ஒப்படைத்தாக வேண்டும். நர்ஸுக்கு மருத்துவமனைக் குடியிருப்பில் ஒற்றை அறை. ராத்திரியில் அவள் அங்கே இருப்பதும் இல்லை. ஆகவே பலகை தன் வீட்டு ஹாலை மறித்து அப்பாவுக்கு ஓர் அறை எழுப்பினான். இரண்டு பக்கமும் பிளைவுட், நடுவில் பஞ்சு அடைத்த சுவர். உள்ளே டி.வி.யை அலற விட்டு, கதவைச் சாத்தி, அப்பாவை வெளியே நிறுத்திக் காட்டினான். ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை. அவன் இதுவரை கட்டியதிலேயே நல்ல சுவர் அதுதான்.

அப்பா கையால் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

நர்ஸ்தான் சொன்னாள், அப்பாவை டப்பாவில் போட்டு மூடப் போகிறாயா என்று. அதோடு நல்ல பேச்சு அறுந்தது.

அப்பா இன்று சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்டது என்றால், தலையை ஆட்டினார். நாலு மாதமாக அவரிடமிருந்து பெரும்பாலும் தலையாட்டல்தான் வருகிறது. அம்மா போன அன்றும் அவர் அழவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், எடுத்தால் விட்டுவிட்டார். வந்து துக்கம் விசாரித்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல இருக்கிறார் என்று பலகையின் மனைவி சொன்னாள். அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை.

தோட்டத்துக்குப் போய்வரும் யோசனையும் அவளுடையதுதான். அப்பா, அம்மா இரண்டு பேருமே அந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். கல்யாணமான வருஷமே நகரத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பா ஒரு சரக்குக் கிடங்கில் காவலாளியாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றார். பிள்ளைகள் தோட்டத்தைப் பார்த்ததில்லை. பழைய கதை ஏதாவது கேட்டால் அம்மா, "அங்க என்ன இருக்கு, மரந்தான் இருக்கு" என்று முடித்துவிடுவாள். இப்போது அந்த மரங்களைத்தான் நுழைவுச்சீட்டு போட்டுக் காட்டுகிறார்கள். துரை பங்களா, புகைக்கூடம், வரிசை வீடு, கடைசியில் நினைவுப்பொருள் கடை. அந்தக் கடைக்கும் சில காட்சி அறைகளுக்கும் பலகைதான் போன வருஷம் வேலை செய்து கொடுத்தான். காண்டிராக்டர் சந்தோஷப்பட்டு மூன்று பாஸ் கொடுத்திருந்தார். மேஜை டிராயரில் கிடந்த அந்தப் பாஸை மருமகள்தான் எடுத்து வைத்தாள். பிறந்த இடத்தைப் பார்த்தால் மாமாவுக்கு மனசு கொஞ்சம் இளகும், அழுதுவிட்டால் நல்லது என்பது அவள் கணக்கு. மகளுக்குப் பரீட்சை என்று அவள் வரவில்லை.

தோட்டத்து வாசலில் இறங்கியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, பாத்ரூம் எங்கே என்பது.

அவர் திரும்பி வருவதற்குள் பலகை கடைக்குள் நுழைந்து, தான் அடித்த கவுன்ட்டரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டான். லேமினேட் எங்கும் கிளம்பவில்லை. ரப்பர் பால் பிடிக்கிற சின்னக் கோப்பைகளைப் பேனா வைக்கிற கிண்ணம் என்று அடுக்கியிருந்தார்கள். நர்ஸ் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

சுற்றிக் காட்ட வந்த பெண்ணுக்குச் சின்ன வயது. காதில் மாட்டிய மைக், இடுப்பில் ஒலிபெருக்கி, மடிப்புக் கலையாத சீருடை. இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தோட்டத்தோடு உறவு உண்டா என்று ஆரம்பத்திலேயே கேட்டாள். நர்ஸ் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மரத்தைப் பார்த்தார். யாரும் கை தூக்கவில்லை. சரி என்று அந்தப் பெண் நடக்கத் தொடங்கினாள்.

துரை பங்களாவில் சாப்பாட்டு மேஜை மட்டுமே ஒரு அறை நீளம் இருந்தது. மேலே துணி விசிறி, அதன் கயிறு சுவரில் ஒரு துளை வழியாக வெளியே போனது. கயிற்றை இழுக்கிற ஆள் வெளி வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். உள்ளே பேசுவது அவனுக்குக் கேட்கும், அவன் முகம் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது என்று அந்தப் பெண் விளக்கினாள். ஒருவர் கயிற்றை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். இழுக்கலாம் என்றாள். விசிறி ஆடியதும் நாலைந்து பேர் போட்டோ எடுத்தார்கள்.

பிறகு மரம் வெட்டிக் காட்டினார்கள். பட்டையில் சாய்வாக ஒரு கீறல், அதன் வழியே பால் இறங்கிக் கோப்பையில் சொட்டியது. விருப்பமிருக்கிறவர்கள் வெட்டிப் பார்க்கலாம் என்று கத்தியை நீட்டினார்கள். கத்தி அப்பாவிடமும் வந்தது.

"எனக்குத் தெரியாது" என்று அவர் அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்.

பதினோரு வயதிலிருந்து அந்த வேலை செய்தவர். பலகையும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நாளில் அதுதான் முதல் தடவை.

புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகள் தோல் போலத் தொங்கின. புளித்த வாடை. நர்ஸுக்கு அது புதிது இல்லை என்று பட்டது, எங்கே முகர்ந்தது என்றுதான் தெரியவில்லை. அப்பா எல்லா இடத்திலும் கூட்டத்தோடு நின்றார், கூட்டத்தோடு நகர்ந்தார். கால் வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டதற்கு, இல்லை என்றார். ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று பலகை கேட்டதற்கும் அதே குரலில் இல்லை என்றார்.

வரிசை வீடு கடைசி. நீளமான ஓட்டுக் கட்டடம், வரிசையாகக் கதவுகள். அதில் ஒரே ஒரு அறையை மட்டும் பழுது பார்த்துத் திறந்து வைத்திருந்தார்கள். மற்றவை பூட்டிக் கிடந்தன. பலகைக்கு அந்த அறையைத் தெரியும். விளக்கப் பலகை மாட்டியதும் இடுப்புயரத் தடுப்பு அடித்ததும் அவன்தான்.

அவனுடைய வேன் இரண்டு நின்றால் அறை நிறைந்துவிடும். ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஆள் உயரத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு இரும்புக் கொக்கிகள்.

வழிகாட்டிப் பெண் அந்தக் கொக்கிகளைக் காட்டினாள்.

ஆரம்பத்தில் இந்த அறைகள் ஒண்டி ஆட்களுக்காகக் கட்டப்பட்டவை என்றாள். பிறகு தோட்டத்துக்குப் பெண்களும் வேண்டும், பிள்ளைகளும் வேண்டும் என்றானபோது ஆட்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்தார்கள். அறைகளை மட்டும் கூட்டவில்லை. ஓர் அறைக்கு இரண்டு குடும்பம். இந்தக் கொக்கியிலிருந்து அந்தக் கொக்கிக்கு ஒரு கம்பி. கம்பியில் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டார்கள். சாக்குக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். கடைசியாகக் குடியிருந்தவர்கள் போகும்வரை அப்படித்தான். கம்பிகூடப் போன வருஷம் வரைக்கும் இருந்ததாம், பழுது பார்க்கிற வேலையில் எங்கேயோ போய்விட்டது.

பலகை கழுத்தைத் தடவிக்கொண்டான்.

அந்தக் கம்பி அவன் கழுத்தில்தான் இடித்தது. உள்ளே வந்து போக இடைஞ்சலாக இருக்கிறது, துணி காயப்போடுகிற கம்பி போலிருக்கிறது என்று நினைத்து, கட்டர் வைத்துத் துண்டித்தான். துருப்பிடித்திருந்தாலும் நல்ல கனமான கம்பி. வீணாக்குவானேன் என்று, மிஞ்சிய பலகைகளை வேன் கூரையில் வைத்துக் கட்ட அதையே எடுத்துக்கொண்டான். கட்டிக்கொண்டு போய் எந்த வேலையிடத்தில் அவிழ்த்துப் போட்டானோ, இப்போது ஞாபகமில்லை.

கூட்டத்தில் ஓர் அம்மாள், "பாவம், எப்படித்தான் இருந்தாங்களோ" என்றாள். பக்கத்தில் நின்றவர் என்பதால் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமா, பாவம்" என்றார் அப்பா.

நர்ஸ் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து ஜன்னல் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ என்ன கட்டி வச்சிருக்கன்னு இப்பவாவது புரியுதா?"

"அக்கா, இது சாக்கு. நான் கட்டினது சுவரு."

"ரெண்டும் பாதி ரூம்தானே. பாதி ரூம்ல பொறந்து வளர்ந்தவரைக் கடைசிக் காலத்துல திரும்பப் பாதி ரூமுக்கு அனுப்பப் பாக்கறியே."

"அவர் என்னைக்காவது சொன்னாரா? உனக்குத்தான் தெரியுமா?"

அவளுக்கும் தெரியாது. அதனால் கோபம் கூடியது. எப்படியும் கேட்டிருக்க வேண்டும் என்றாள். நீயும்தானே மகள், நீ கேட்டாயா என்றான். ஒரு சுவரைத் தட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிகிறது, ஒரு மனுஷனைப் பார்த்தால் தெரியாதா என்றாள். வார்டில் நாற்பது பேருக்கு நாடி பிடிக்கிறவளுக்கு வீட்டில் ஒருத்தர் போதவில்லையா என்றான். சண்டை நல்ல சூட்டில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு அடி தள்ளி நின்றவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் இன்னொரு விஷயத்துக்கு வந்தது.

சாக்குக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும் என்பதால் இங்கே பிறந்தவர்கள் சத்தம் போட்டுப் பேசிப் பழகவில்லை என்றாள். புருஷன் பெண்டாட்டி சண்டை, பிள்ளையைத் திட்டுவது, சாவு அழுகை எல்லாமே கிசுகிசுப்புதான். ராத்திரியில் பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் துரைமார்களுக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வராது. எங்கள் ஆட்கள் சாதுவானவர்கள், ஒரு குறையும் இல்லாதவர்கள் என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார்களாம். இங்கிருந்து போனவர்களின் வீடுகளில், ஒரு தலைமுறை கழித்தும் சண்டை என்றால் குரல் இறங்குமே தவிர ஏறாது என்று சொன்னவர்கள் உண்டு என்றாள்.

நர்ஸின் கை இன்னும் தம்பியின் சட்டையில் இருந்தது.

அவர்கள் வீட்டில் யாரும் கத்தியதில்லை. கத்தத் தெரியாத குடும்பம் என்று தெருவில் நல்ல பெயர். பலகைக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் அம்மாவும் நர்ஸும் சமையலறையில் கிசுகிசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, புது மருமகள் பயந்துபோய் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். அது இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதை. அப்பாவின் சுபாவம் அப்படி, அது பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

காசு கொடுத்து வந்த கூட்டத்தோடு நின்று, யாரோ ஒரு பெண் மைக்கில் சொல்லி, தங்கள் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்வது எப்படியிருக்கும் என்று நர்ஸ் பின்னால் யோசித்துப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் ஒன்றும் தோன்றவில்லை. வெட்டுக்காயம் பட்டவர்கள் முதலில் வலியைச் சொல்ல மாட்டார்கள், ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வார்டில் அதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

அப்பா கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் வெளியேறிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டீ குடிக்கலாமா என்று கேட்டார்.

புகைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கேன்டீன் போட்டிருந்தார்கள். சிமென்ட் பெஞ்சு, காகிதக் கோப்பை. பலகை டீயை வாங்கிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. வேலையில் அளவு தப்பிவிட்டால் காண்டிராக்டர் முன்னால் நிற்பானே, அந்த நிலை.

"அப்பா, அந்தச் சுவரை நான் பிரிச்சிடறேன். உள் ரூம் உங்களுக்கு. நாங்க ஹால்ல படுத்துக்கறோம்."

அப்பா டீயை ஊதினார். "அது இல்லடா."

"பின்ன?"

"எங்க பக்கம் நாங்க அஞ்சு பேர். அந்தப் பக்கம் உங்கம்மா வீட்டுல ஏழு பேர்."

நர்ஸ் கோப்பையைப் பெஞ்சில் வைத்தாள். அம்மா பக்கத்து வீட்டுப் பெண் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பக்கத்து வீடு என்றால் நடுவில் ஒரு சுவர் இருக்கும் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

அப்பா பேசியது அவ்வளவு நீளமில்லை. ஆனால் நாலு மாதத்தில் அவர் சேர்ந்தாற்போலப் பேசியது அன்றைக்குத்தான். பால் வெட்ட இருட்டோடு எழுந்து போக வேண்டும் என்பதால் எல்லோரும் நேரத்தோடு படுத்துவிடுவார்கள். அவருக்குப் படுக்கை சாக்கை ஒட்டி. அந்தப் பக்கம் சாக்கை ஒட்டி அவள். பகலில் முகத்தைப் பார்த்துப் பேசியது கொஞ்சம்தான். அவரவருக்கு அவரவர் மரம். ராத்திரியில் அந்தப் பக்கம் யார் தூங்கிவிட்டார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்று மூச்சை வைத்தே தெரியும். அவள் அப்பா குறட்டை விடுவார். குழந்தை சப்புக்கொட்டும். அவளுக்குத் தூக்கம் வருவதற்கு முன்னால் மூச்சு ஒரு இடத்தில் தட்டி நிற்கும், அப்புறம் சீராகப் போகும். அது தட்டின பிறகுதான் இவருக்குத் தூக்கம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. கல்யாணம் ஆனபோது சாக்குதான் போனது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"கேட்டதில்ல."

கேன்டீன்காரர் வந்து காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

"நான் அழலைன்னு நீங்க ரெண்டு பேரும் பாக்கறீங்க, எனக்குத் தெரியுது" என்றார் அப்பா. "அழுகை வரல. பசி வரல. யாராவது வந்தா வந்தாங்கன்னு இருக்கு, போனா போனாங்கன்னு இருக்கு. ராத்திரி காது மட்டும் முழிச்சிக்கிட்டே கிடக்கு. அந்த வீட்டுல ஒண்ணும் கேக்கல."

பிறகு மகனைப் பார்த்தார்.

"நீ கட்டினது நல்ல சுவருதான். வெளிய நின்னப்போ எனக்கு ஒண்ணும் கேக்கல. உள்ள படுத்தாலும் கேக்காது, இல்ல?"

"கேக்காதுப்பா" என்றான் பலகை. வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்லுகிற வார்த்தை. பழக்கத்தில் உறுதியாகவே வந்துவிட்டது.

நர்ஸுக்கு அப்போது எல்லாம் விளங்கியது. இரவு டூட்டிக்குப் போகும்போது வார்டு வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், யாருக்கு முடியவில்லை என்று. விளக்கைப் போட வேண்டியதில்லை. அந்தக் காது தனக்கு வேலையில் வந்தது என்று நினைத்திருந்தாள்.

"அப்படின்னா சுவரை மெலிசாக்கிடலாம்பா. பஞ்சை எடுத்துடறேன். ஒத்தைப் பலகையா விட்டா எல்லாம் கேக்கும்." பலகை அவசரமாகச் சொன்னான்.

"அந்தப் பக்கம் யார் படுப்பா?"

அந்தப் பக்கம் ஹால். சோபா, டி.வி., மகளின் சைக்கிள். ராத்திரியில் யாரும் இல்லை.

அப்பா கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு தன் முடிவைச் சொன்னார். கிடங்கில் அவரோடு வேலை பார்த்த லிஃப்ட்காரர் இப்போது பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வியாழக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போவது வழக்கமாகிவிட்டது. ஒரே ஹால், பத்துக் கட்டில், நடுவில் மறைப்புக்குத் துணி. ஒருநாள் லிஃப்ட்காரரின் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. சும்மா உட்கார்ந்தார். மதியம் எல்லோரும் படுத்துவிட்டார்கள். இவரும் சாய்ந்தார்.

"சாயங்காலம் வந்து எழுப்பினாங்க. அப்பதான் தெரிஞ்சுது தூங்கியிருக்கேன்னு. அந்தக் கட்டில் இன்னும் காலியாத்தான் இருக்கு. புதன்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லியிருக்காங்க. நான் அங்க போறேன்."

"ஹோமுக்கா?" என்றான் பலகை.

"ம்."

"நான் உயிரோட இருக்கும்போதா? வீட்டுல உங்களுக்குன்னு ரூம் கட்டி வச்சிட்டு, உங்களைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டேன்னா என்னை மனுஷன்னு எவனாவது சொல்லுவானா?"

இவ்வளவும் கேன்டீனில் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னான்.

"உன் பொண்டாட்டி வருத்தப்படுவா" என்றார் அப்பா. "அவகிட்ட நீ பதமாச் சொல்லிடு." எழுந்து வேனை நோக்கி நடந்தார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

பிள்ளைகளுக்குத்தான் முடியவில்லை. வேன் தோட்டத்தைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியதும், அப்பா தூங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகு, நர்ஸ் ஆரம்பித்தாள். தலை சாயாமல், உட்கார்ந்த வாக்கிலேயே அவர் தூங்கினார். மூச்சு சீராக இருந்தது.

அந்த இல்லத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். குணமான பிறகும் கூட்டிக்கொண்டு போக ஆள் வராதவர்களை அவள் வார்டிலிருந்து அங்கேதான் அனுப்புவார்கள். யாருமில்லாத கேஸ் என்று அவர்களைச் சொல்வார்கள். அவளே சொல்லியிருக்கிறாள். அந்த ஹாலின் மூத்திர வாடையை அவளுக்குத் தெரியும். நாளைக்கு வார்டில் ஒருத்தி, உங்கப்பாவையா சிஸ்டர் அங்கே பார்த்தேன் என்று கேட்பாள்.

"அங்க போறதுக்கு நீ கட்டின டப்பாவே தேவலை" என்றாள்.

"இப்ப டப்பா நல்லதாயிடுச்சா உனக்கு?"

"அங்க விட எனக்கு மனசு வராது."

"எனக்கு மட்டும் வருமா? ஆனா அங்க தூங்கினேங்கறாரே."

"ஒரு மத்தியானம் தூங்கினா ஆச்சா?"

"நாலு மாசத்துல அந்த ஒரு மத்தியானம்தான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிப் பலகையும் பேசாமல் ஓட்டினான். டாஷ்போர்டில் ஏதோ லேசாகக் கடகடத்தது. வேனுக்குள் வேறு சத்தமில்லை.

அப்பா கண்ணைத் திறந்தார். இரண்டு பேரையும் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

நர்ஸ் அதைக் கவனித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, சாதாரணக் குரலுக்கும் கீழே இறக்கி, தம்பியிடம் பெட்ரோல் போட்டாயா என்று கேட்டாள். போட்டாச்சு என்றான். எங்கே போட்டாய் என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணால் அப்பாவைக் காட்டினாள். இமை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்தவில்லை. பலகையின் மகளுடைய பரீட்சை, குடியிருப்பில் ஒழுகுகிற குழாய், மருமகளின் தங்கைக்கு வந்த வரன் என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு பேச்சு தீர்ந்து அடுத்தது வருவதற்குள் அப்பாவின் மூச்சு ஒரு தடவை மாறும். உடனே யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்கள். நகரத்துக்குள் நுழையும்போது சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அந்த ஒன்றைத் தவிர.

"புதன்கிழமைக்குள்ள சொல்லணுமாம்" என்றாள் நர்ஸ்.

"கேட்டேன்."

"கையெழுத்து நம்ம ரெண்டு பேரும் போடணும். பிள்ளைங்க இருந்தா அந்த ஹோம்ல அப்படித்தான் கேட்பாங்க. ஒருத்தர் மாட்டேன்னாலும் எடுக்க மாட்டாங்க."

"தெரியும்."

"நீ போடுவியா?"

சிக்னலில் சிவப்பு விழுந்தது. பலகை வேனை நிறுத்தி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எதிரே தெரிந்த கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ஜின் அதிர்வு மட்டும் இருந்தது.

அப்பாவின் இமை அசைந்தது.

"நீ போடுவியா?" என்று நர்ஸ் அதே குரலில் மறுபடியும் கேட்டாள்.